மேசைப் பாத்திரமேற்பு ஆட்டங்களில் ஆட்ட நெறியாளரின் பணியும் விதித்தொகுதித் தேர்வும்

ஆய்வுச்சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து பேச்சின் வழியாகவே நிகழ்த்தப்பெறும் பாத்திரமேற்பு ஆட்டங்களில் ‘கேம் மாஸ்டர்’ எனப்படும் ஆட்ட நெறியாளர் ஆற்றும் பணிகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவரைக் கதைசொல்லியாகக் கொள்ளும் வழக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதும், ஒரு குழு தேர்ந்துகொள்ளும் விதித்தொகுதி அவருடைய அதிகாரத்தை எவ்வாறு கூட்டியும் குறைத்தும் அமைக்கிறது என்பதும் ஆராயப்பெறுகின்றன. இவ்வாட்டங்களைத் தமிழில் நிகழ்த்தும்போது எழும் கலைச்சொல், மொழியமைப்புச் சிக்கல்கள் சிலவும் சுட்டப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு ஆட்டம், ஆட்ட நெறியாளர், விதித்தொகுதி, எடுத்துரைப்பியல், பகடை, சட்டகம்.

முன்னுரை

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் ஒரு சூழலை விவரிக்கிறார். ஏனையோர் ஒவ்வொருவரும் தாம் ஏற்ற பாத்திரம் அச்சூழலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றனர். விளைவு ஐயத்திற்குரியதாக உள்ள இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. வந்த எண்ணுக்கேற்பச் சூழல் மாறுகிறது. மாறிய சூழலை முதலாமவர் மீண்டும் விவரிக்கிறார். மேசைப் பாத்திரமேற்பு ஆட்டத்தின் சாரம் இவ்வளவே. சதுரங்கத்திற்கு இருப்பதுபோல் கட்டாயமான பலகை இதற்கு இல்லை. பெரும்பாலான ஆட்டங்களில் வென்றவர், தோற்றவர் என்ற முடிவும் இல்லை. நாடகத்தை ஒத்த உரையாடல் இருப்பினும் முன்பே எழுதப்பெற்ற பனுவலும் பார்வையாளரும் இல்லை.

எடுத்துரைப்பியல் ஆய்வாளர்க்கு இவ்வாட்டம் ஒரு சிக்கலை முன்வைக்கிறது. ஓர் அமர்வைப் பதிவுசெய்து எழுத்தாக்கினால் கிடைப்பது ஒரு கதைப்பனுவல். அதன் ஆசிரியர் யார்? சூழலை விவரித்தவரா, பாத்திரங்களை இயக்கியவர்களா, விதிநூலை எழுதியவரா, பகடையா? 2015ஆம் ஆண்டு முதல் ‘கிரிட்டிக்கல் ரோல்’ போன்ற நிகழ்ச்சிகள் இத்தகைய அமர்வுகளை இணையத்தில் வழங்கிவருவதால், ஆய்வுக்குரிய தரவு இன்று ஏராளமாகக் கிடைக்கிறது. எனினும் அவை பார்வையாளரைக் கருத்தில் கொண்டு தொழில்முறை நடிகர்கள் நிகழ்த்துபவை. நண்பர் குழுவொன்றின் மேசைக்கு அவற்றை அப்படியே அளவுகோலாக்குதல் கூடாது.

நெறியாளரே கதைசொல்லி, ஏனையோர் கேட்போர் என்று கொண்டு இப்பனுவல்களை அணுகுவது எளிதான வழி. அது தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நடுவரிலிருந்து நெறியாளர் வரை

நெறியாளரின் முன்னோர் போர்ப் பயிற்சி ஆட்டங்களின் நடுவரே ஆவர். பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்பார் 1824இல் வகுத்தளித்த ‘கிரீக்ஸ்பீல்’ என்னும் ஆட்டத்தில் இரு தரப்பினரும் தம் ஆணைகளை நடுவரிடம் அளிப்பர். நடுவர் வரைபடத்தில் படைகளை நகர்த்தி, பகடையும் பட்டியல்களும் கொண்டு இழப்புகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தரப்பும் தன் இடத்திலிருந்து காணக்கூடியதை மட்டும் அத்தரப்புக்குத் தெரிவிப்பார். தகவலை அளந்து வழங்கும் இப்பணி இன்றைய நெறியாளருக்கும் உரியது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்னும் படைத்தலைவர் பட்டியல்களையும் கணக்குகளையும் ஒதுக்கி, பட்டறிவுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதிட்டார். விதிக்கும் தீர்ப்புக்கும் இடையிலான இந்த இழுபறி இன்னும் தீர்ந்தபாடில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி 1969இல் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ ஆட்டம் அடுத்த திருப்பம். நெப்போலியன் காலக் கற்பனை நகரொன்றில் நிகழ்ந்த அவ்வாட்டத்தில் படைத்தலைவர்களோடு நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் முதலிய பாத்திரங்களும் ஆட்டக்காரர்க்கு வழங்கப்பட்டன. படையை நகர்த்துவதற்குப் பதிலாக ஒரு மனிதராக இருந்து விரும்பியதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு அங்கே பிறந்தது. அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் அதனை ‘பிளாக்மூர்’ என்னும் தொடர் ஆட்டமாக வளர்த்தார். அவரும் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் இணைந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. முதல் அச்சு 1000 படிகள்.

அந்த முதல் பதிப்பு நெறியாளரைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் ‘ரெஃபரி’, அதாவது நடுவர், என்பது கவனத்திற்குரியது. ‘டன்ஜன் மாஸ்டர்’ என்னும் பெயர் சற்றுப் பிந்தியது. ‘டிராவலர்’ (1977) நடுவர் என்ற சொல்லையே தொடர்ந்தது. ‘கால் ஆஃப் கதுலு’ (1981) அவரைக் ‘கீப்பர்’, அதாவது மறைபொருளின் காப்பாளர், என்றது. ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’ (1991) ‘ஸ்டோரிடெல்லர்’, கதைசொல்லி, என்று பெயர்சூட்டியது. ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) ‘மாஸ்டர் ஆஃப் செரிமனிஸ்’ என்று நிகழ்ச்சித் தொகுப்பாளரின் பெயரைக் கொடுத்தது. ஒவ்வொரு பெயரும் ஓர் அதிகாரக் கருத்தாக்கம். கதைசொல்லி என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. அதுவும் பிற்காலத்தில் வந்தது.

நெறியாளர் ஆற்றும் பணி

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் மினசோட்டாப் பகுதி ஆட்டக்குழுக்களிடையே களப்பணி செய்து 1983இல் வெளியிட்ட ‘ஷேர்ட் ஃபேன்டஸி’ என்னும் நூல் இத்துறையின் தொடக்கநிலை ஆய்வுகளுள் முதன்மையானது. எர்விங் கோஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைப் பின்பற்றி, மேசையில் மூன்று தளங்கள் ஒருங்கே இயங்குவதை அவர் காட்டினார். அன்றாட மனிதர் என்பது ஒரு தளம். விதிகளை அறிந்து ஆடும் ஆட்டக்காரர் என்பது மற்றொன்று. கற்பனை உலகில் வாழும் பாத்திரம் என்பது மூன்றாவது. தேநீர் கேட்பவரும், எத்தனைப் புள்ளி எஞ்சியுள்ளது என்று கேட்பவரும், அரக்கனிடம் உயிர்ப்பிச்சை கேட்பவரும் ஒருவரே. இம்மூன்றுக்கும் இடையே இடைவிடாமல் தாவிக்கொண்டிருப்பதே ஆட்டம். அத்தாவலை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் நெறியாளரின் பொறுப்பாகிறது.

அவருடைய பணிகளில் கண்ணுக்குத் தெரிவது விவரிப்பு. ஆனால் ஆட்டத்தின் தரத்தைத் தீர்மானிப்பது தீர்ப்பே என்பது என் கருத்து. ஒரு பாத்திரம் பழைய வீடொன்றில் எழுதுமேசையைச் சோதிப்பதாக ஆட்டக்காரர் அறிவிக்கிறார் எனக் கொள்வோம். நெறியாளர் நொடிப்பொழுதில் சிலவற்றைத் தீர்மானித்தாக வேண்டும். இதற்குப் பகடை தேவையா? தவறினால் என்ன ஆகும்? ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்றால் உருட்டச் சொல்வது வீண். நேரமும் போதிய ஒளியும் இருப்பவர் இழுப்பறையைத் திறந்தால் உள்ளிருப்பது தெரியத்தான் செய்யும். வீட்டுக்காரர் மாடிப்படியில் இறங்கிவருகிறார் என்றாலோ நிலைமை வேறு. அப்போது பகடை தீர்மானிப்பது கடிதம் இருக்கிறதா என்பதை அன்று, அவர் வருவதற்குள் அது கையில் கிட்டுமா என்பதை. கேள்வியைச் சரியாக அமைத்தவுடன் பகடையின் இரு விடைகளுமே கதையை நகர்த்துபவையாகிவிடுகின்றன.

இதில் எளிய நிகழ்தகவும் கலந்திருக்கிறது. துப்பறியும் ஆட்டமொன்றில் குற்றவாளியை அடைய மூன்று தடயங்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தாக வேண்டும் என்று நெறியாளர் திட்டமிடுகிறார். ஒவ்வொன்றையும் கண்டறியும் வாய்ப்பு 50 விழுக்காடு. மூன்றும் கிடைக்கும் வாய்ப்பு 12.5 விழுக்காடே. எட்டு அமர்வுகளில் ஏழில் கதை நடுவழியில் நின்றுபோகும். நின்ற இடத்தில் நெறியாளர் ஏதேனும் ஒரு சாக்கில் தடயத்தைக் கையில் திணிப்பார். பகடை வெறும் சடங்கு என்பதை ஆட்டக்காரர் புரிந்துகொள்வர். அதே மூன்று தடயங்களும் தனித்தனியே ஒரே முடிவைச் சுட்டுவனவாக அமைந்தால், ஒன்றேனும் கிடைக்கும் வாய்ப்பு 87.5 விழுக்காடு. ஒரு முடிவுக்கு மூன்று தடயங்களேனும் வேண்டும் என்று ஜஸ்டின் அலெக்சாண்டர் வகுத்த நெறி நெறியாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்கே. ராபின் லாஸ் வடிவமைத்த ‘கம்ஷூ’ விதித்தொகுதி (2007) இன்னும் ஒரு படி மேலே சென்றது. உரிய திறன் உள்ள பாத்திரம் உரிய இடத்தில் தேடினால் முதன்மைத் தடயம் பகடையின்றியே கிடைத்துவிடும். துப்பறியும் கதையின் சுவை தடயம் கிடைப்பதில் இல்லை, கிடைத்ததைப் பொருள்கொள்வதில் இருக்கிறது என்னும் இலக்கியக் கருத்து அங்கே விதியாகிவிடுகிறது.

தீர்ப்பின் மறுபக்கம் விட்டுக்கொடுத்தல். நெறியாளர் முன்கூட்டியே ஒரு கதையை முடிவுவரை எழுதிக்கொண்டு வந்தால், ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுகள் அக்கதைக்கு இடையூறுகளாகவே தெரியும். எந்த வழியில் சென்றாலும் அதே கோட்டைக்கு வந்து சேரும்படி அவர் வளைத்துவிடுவார். தண்டவாளத்தில் ஏற்றுதல் என்று பொருள்படும் ‘ரயில்ரோடிங்’ என்னும் சொல்லால் ஆட்டக்காரர் இதனைப் பழிப்பர். 1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ ஆட்டத்தொடர் புதினங்களோடு இணைந்து பெருவெற்றி பெற்ற அதேவேளையில் இக்குற்றச்சாட்டிற்கும் அடிக்கடி எடுத்துக்காட்டாகிறது. கதைசொல்லி என்ற பெயரின் இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. கதைசொல்லிக்குக் கதை தெரியும். தேர்ந்த நெறியாளருக்குச் சூழல் தெரியும், அதில் உள்ளோர் ஒவ்வொருவரும் எதை நாடுகின்றனர் என்பது தெரியும். என்ன நடக்கப்போகிறது என்பது தெரியாது. தெரியக்கூடாது என்றும் சொல்லலாம்.

நம் கூத்துமரபின் கட்டியங்காரனோடு நெறியாளரை ஒப்பிட நினைப்போர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். கட்டியங்காரன் அரங்கிற்கும் அவையோருக்கும் இடையில் நிற்பவன். அவன் அறிமுகப்படுத்தும் கதை எல்லாருக்கும் முன்பே தெரிந்த கதை. நெறியாளருக்கு முன்னால் அவையோரும் இல்லை, தெரிந்த கதையும் இல்லை. ஒப்புமை கவர்ச்சியானது, ஆனால் அடித்தளம் இல்லாதது.

விதித்தொகுதி வகுக்கும் அதிகாரம்

நல்ல நெறியாளர் இருந்தால் எந்த விதிநூலும் போதும் என்ற கருத்து ஆட்டக்காரரிடையே நெடுங்காலம் நிலவியது. இதனை மறுத்து, விதித்தொகுதி ஆட்டத்தின் தன்மையையே தீர்மானிக்கிறது என்று வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் வாதிட்டார். கற்பனையில் நிகழ்ந்தது எது என்பதில் குழுவினர் உடன்பாட்டுக்கு வரும் வழிமுறை எதுவோ அதுவே விதித்தொகுதி என்பது வின்சென்ட் பேக்கரின் விளக்கம். இவ்விளக்கத்தின்படி நெறியாளரின் சொல்லும் அவ்வழிமுறையின் ஒரு கூறே. விதிக்கு அப்பாற்பட்ட ஆற்றலன்று.

சில எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் தொடக்கப் பதிப்புகளில் பாத்திரம் வளர்ச்சியடையத் தேவையான அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி மீட்டுவந்த செல்வத்தின் மதிப்புக்காகக் கிடைத்தது; அரக்கனைக் கொல்வதால் கிடைத்தது குறைவு. எனவே சண்டையைத் தவிர்த்துப் பொன்னைக் கவர்ந்துவரும் தந்திரமே அறிவுடைமையாயிற்று. 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் செல்வத்திற்குப் புள்ளி இல்லை. எதிரிகளை வெல்வதற்கே முதன்மையாகப் புள்ளி. அதே நிலவறை, அதே அரக்கன். ஆனால் ஆட்டக்காரர் நடந்துகொள்ளும் முறை வேறாகிறது. நெறியாளர் எதுவும் சொல்லவில்லை, விதி சொல்லிவிட்டது.

‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் நெறியாளர் பகடையைத் தொடுவதே இல்லை. ஆட்டக்காரர் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டித் தம் பாத்திரத்தின் பண்பெண்ணைக் கூட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் விலைகொடுத்துப் பெறும் வெற்றி. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நெறியாளர் நிலைமையைக் கடுமையாக்குவார். பண்பெண் 1 ஆக இருக்கும்போது, இணையக்கூடிய 36 வாய்ப்புகளில் முழு வெற்றிக்கு 10, தோல்விக்கு 10, இடைநிலைக்கு 16. ஆகவே மிகுதியாக நிகழ்வது ‘ஆம், ஆனால்’ என்பதே. இருபது முகப் பகடையில் ஒரே எல்லைக்கோட்டின் இருபுறமும் வெற்றி, தோல்வி என்று பிரியும் முறையோடு இதனை ஒப்பிட்டால், கதைச்சிக்கல் எங்கிருந்து பிறக்கிறது என்பது விளங்கும். அங்கே சிக்கலை நெறியாளர் புனைந்தாக வேண்டும். இங்கே பகடை அதனைக் கேட்டு வாங்குகிறது. மேலும், நெறியாளர் பின்பற்ற வேண்டிய நெறிகளும் அவர் செய்யத்தக்க செயல்களும் இந்நூலில் விதிகளாகவே எழுதப்பட்டுள்ளன. நெறியாளரைச் சட்டத்திற்கு உட்பட்டவராக்கியது இந்நூலின் சாதனை.

‘டிரெட்’ (2005) என்னும் அச்ச ஆட்டத்தில் பகடையே இல்லை. மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் பாத்திரம் ஆட்டத்திலிருந்து நீங்கிவிடும். கதையிலுள்ள நடுக்கம் விரல்நுனிக்கு வந்துவிடுகிறது. ஜேசன் மார்னிங்ஸ்டார் உருவாக்கிய ‘ஃபியாஸ்கோ’ (2009) நெறியாளரையே நீக்கிவிட்டது. ஒருவர் தம் முறை வரும்போது காட்சியை அமைக்கலாம், அல்லது அதன் முடிவு நன்றா தீதா என்பதைத் தீர்மானிக்கலாம். இரண்டையும் செய்ய இயலாது. அவர் எதைத் தேர்கிறாரோ அதன் எஞ்சிய பாதி ஏனையோருக்கு உரியது. ஆசிரியத்துவத்தை இவ்வளவு தெளிவாகப் பங்கிட்டுக் காட்டும் வேறொரு நிகழ்த்துவடிவை நான் அறியேன். நெறியாளர் என்பது ஓர் ஆள் அன்று, பிரித்துக் கொடுக்கத்தக்க பணிகளின் தொகுப்பே என்பதற்கு இது சான்று.

தேர்வு குறித்து

ஆகவே எந்த ஆட்டத்தைத் தேர்வது என்னும் கேள்வியை, எந்தக் கற்பனை உலகம் பிடிக்கும் என்பதிலிருந்து தொடங்குவது போதாது. நேரம், ஆள், உழைப்பு ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் முதன்மை நூல்கள் மூன்று. ஒவ்வொன்றும் 300 பக்கங்களுக்கு மேற்பட்டது. அனைத்தையும் படித்தாக வேண்டியதில்லை எனினும் நெறியாளரின் முன்னேற்பாடு கணிசமானது. சண்டைக் காட்சி ஒன்றே அமர்வின் பெரும்பகுதியை விழுங்கக்கூடும். மாதக்கணக்கில் கூடக்கூடிய நிலையான குழுவுக்கு அது பொருந்தும். ஒரே மாலைப்பொழுதில் முடிய வேண்டும், முன்னேற்பாட்டுக்கு நேரமில்லை என்றால் ‘ஃபியாஸ்கோ’ ஏற்றது. புதியவர்களுக்கு அறிமுகப்படுத்த ‘கால் ஆஃப் கதுலு’ நல்ல தேர்வு. பாத்திரங்கள் பெரும்பாலும் இயல்பான மனிதர்கள். திறன்கள் நூற்றுக்கு இத்தனை என்று விழுக்காட்டில் எழுதப்பட்டிருப்பதால் வாய்ப்பு என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எனினும் பாத்திரங்களின் மனத்தெளிவு படிப்படியாகக் குலைவதே அவ்வாட்டத்தின் உயிர்நாடி. மனநலம் குறித்த சித்திரிப்பு எவரையேனும் புண்படுத்துமா என்பதை முன்பே பேசிக்கொள்ளாமல் அதனைத் தொடங்குதல் தகாது.

இதற்கெனவே ‘செஷன் ஸீரோ’ என்னும் முன்னமர்வு வழக்கில் உள்ளது. எட்வர்ட்ஸ் முன்மொழிந்த ‘கோடுகளும் திரைகளும்’ என்னும் பாகுபாடு எளிமையானது. கோடு என்பது கதையில் இடம்பெறவே கூடாத பொருள். திரை என்பது நிகழலாம், ஆனால் விவரிக்கப்படாமல் கடந்துசெல்லப்பட வேண்டிய பொருள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய ‘எக்ஸ் அட்டை’ மேசை நடுவில் வைக்கப்படும். எவர் தொட்டாலும் காரணம் கேளாமல் அப்பகுதி நீக்கப்படும். வகுப்பறையில் இவ்வாட்டங்களைப் பயன்படுத்த எண்ணும் விரிவுரையாளர்க்கு இது மிகவும் இன்றியமையாதது. மதிப்பெண் இடும் ஆசிரியரே நெறியாளராகவும் அமரும்போது ‘வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்வது மாணவர்க்கு எளிதன்று.

தமிழில் நிகழ்த்துதல்: சொல்லும் இலக்கணமும்

‘கேம் மாஸ்டர்’ என்பதற்கு இக்கட்டுரை ஆளும் நெறியாளர் என்னும் சொல் குறையற்றது அன்று. ஈழத்து நாடக வழக்கில் நெறியாள்கை இயக்கத்தைக் குறிக்கும். பல்கலைக்கழகங்களில் நெறியாளர் என்றவுடன் ஆய்வு மாணவர் நினைப்பது வேறொருவரை. எனினும் ‘கதைசொல்லி’ தரும் தவறான எதிர்பார்ப்பையும், ‘தலைவர்’ தரும் மிகையான அதிகாரத்தையும் இது தவிர்க்கிறது. நடுவர் என்பது வரலாற்றுக்கு நெருக்கமானது. ஆயின் பட்டிமன்றம் அச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது.

மொழிபெயர்ப்புக்கான சட்டத் தடை இப்போது பெரிதாக இல்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளடங்கிய ஆவணம் 2023 சனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அதனை மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ‘ஃபேட் கோர்’, ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ ஆகியவற்றின் அடிப்படை விதிகளும் இத்தகைய உரிமத்தில் கிடைக்கின்றன.

இதனினும் நுட்பமான செய்தி தமிழின் இலக்கணத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் நெறியாளர் ‘யூ’ என்று விளிக்கையில் அது ஆட்டக்காரரையா பாத்திரத்தையா குறிக்கிறது என்பது பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். ஃபைன் சுட்டிய தளங்கள் ஒன்றில் ஒன்று கரைவதற்கு அம்மங்கல் உதவுகிறது. தமிழில் அது கரைவதில்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் தெருவில் திரியும் சிறுவனின் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார் என்று கொள்வோம். நெறியாளராக அமர்ந்துள்ள மாணவர், காவலன் வாயிலாக ‘எங்கேடா போறே?’ என்று கேட்டாக வேண்டும். அடுத்த நொடியே ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள், ஐயா?’ என்று திரும்ப வேண்டும். நீ, நீங்கள் என்னும் வேறுபாடும், பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் மாறி வருதலும் எந்தத் தளத்தில் பேசுகிறோம் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் அறிவித்துவிடுகின்றன. மாணவர் காவலனாகவும் ‘நீங்கள்’ என்றே பேசினால் பாத்திரத் தளம் தளர்கிறது. துணிந்து ‘டா’ போட்டால் அன்றாடத் தளம் அதிர்கிறது.

தன்மைப் பன்மையும் இவ்வாறே. ‘நாம கதவத் திறக்கலாமா?’ என்று ஓர் ஆட்டக்காரர் கேட்டால், அது தோழர்களான பாத்திரங்களை நோக்கிய கேள்வி. நெறியாளர் அதற்குள் இல்லை. ‘நாங்க கதவத் திறக்கிறோம்’ என்று அறிவித்தால், அது கேட்பவரை விலக்கிய பன்மையாதலால் நெறியாளரை நோக்கிய கூற்று. கலந்தாய்வு முடிந்து செயல் உறுதியாகும் தருணத்தை ஆங்கிலத்தின் ‘வி’ காட்டாது. நெறியாளர் ‘முடிவாகச் செய்கிறீர்களா?’ என்று தனியே கேட்க வேண்டியிருக்கும். தமிழ் அமர்வொன்றின் எழுத்தாக்கத்தில் நாம் என்பது நாங்கள் என்று மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டே சென்றால், தீர்ப்பு நெறியாளரின் கைக்கு வந்துசேரும் தருணங்களை ஆய்வாளர் வரிவரியாகக் கண்டறிய இயலும். ‘ஃபியாஸ்கோ’ போன்ற நெறியாளரற்ற ஆட்டத்தைத் தமிழில் ஆடும்போது அந்த ‘நாங்கள்’ எவரை விலக்கி ஒலிக்கும் என்பது அடுத்து ஆராயத்தக்க வினா.